நம்ம ஆளுக

நவம்பர் 9, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. மாடியில் ஓர் அறை, சமையலறை, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் குளியலறை. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. உள்ளே வந்ததும் கௌதமன் முதலில் அதைத்தான் மூடினான்.

வீட்டுக்காரர் சுந்தரமாணிக்கம், பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து மளிகைக் கடை போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். வாடகை சொல்வதற்கு முன்னால், பெயர் கேட்பதற்கும் முன்னால், அவர் கேட்டது: "தம்பி என்ன ஆளுக?"

கௌதமன் வாய் திறப்பதற்குள் மஞ்சுநாத் முந்திக்கொண்டான். "ரெண்டு பேருமே உங்க ஆளுங்கதான் சார். அதனாலதான் நேரா இங்க கூட்டிட்டு வந்தேன்."

அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. கேட்டுக்கு வெளியே எங்களை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தவர், கதவை அகலத் திறந்துவிட்டார். "மீனா, நம்ம ஆளுக வந்துருக்காக" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். காபி வந்தது.

மஞ்சுநாத் கௌதமனோடு கம்பெனியில் வேலை செய்கிறவன். இந்த ஊர்க்காரன், வீட்டில் தெலுங்கு. யோசனை அவனுடையது. "உன் மச்சான் வந்தா எங்க தேடுவான்? உன் சொந்தக்காரங்க இருக்கற தெருவுல, கட்சி ஆபீஸ்ல, காலனில. அவனோட ஜாதிக்காரன் வீட்டு மாடியில தேடுவானா?" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது.

மச்சான் என்றது என் அண்ணன் ராஜவேலை. நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று அவன் ஆட்களோடு கௌதமன் வீட்டுக்குப் போய் அவனுடைய அப்பாவின் கையை உடைத்தான். என்னிடம் போனில் ஒரு வாக்கியம் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இன்று முதல் கௌதமனுக்குப் பெயர் தவப்பாண்டி. நான் நாகஜோதியில் பாதியை விட்டுவிட்டு, வெறும் ஜோதி.

நவம்பர் 11, செவ்வாய்

வீட்டுக்கார அம்மா அழகுமீனாள் காலையில் மேலே வந்தார். ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு. "ஊர்லேருந்து வந்த கருவாடு. இங்க கெடைக்காது" என்றார். வாசம் பிடித்ததும் எனக்கு எப்படியோ வந்தது. இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். குளிர்தான்.

கீழே உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க ஆத்தாளுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தெட்டு."

"அப்ப நான் மூத்தவ. நீ என்னயப் பெரியம்மான்னு கூப்புடு. கீழ இருக்காகளே, அவுக ஒனக்குப் பெரியப்பா. அப்படின்னா தம்பி எங்களுக்கு மருமகப்புள்ள." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

முறை இல்லாமல் ஒருவரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது போல. எனக்கும் தெரியாதுதான். எங்கள் ஊரில் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். யாரை அப்படிக் கூப்பிடமாட்டோம் என்பதும் எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கப் பழகியது மாதிரி அதுவும் வந்துவிட்டது.

நாங்கள் ஏன் தனியாக வந்தோம் என்று கேட்டார். இரண்டு வீட்டுக்கும் நிலத்தகராறு, அதனால் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்த பொய்தான். "நெலம் கெடக்கு" என்று பெருமூச்சு விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

கௌதமனுக்குப் பாடம் நடத்துகிறேன். டிப்ளமோ முடித்து, கம்பெனியில் ஓர் உற்பத்தி லைனையே மேற்பார்வை பார்க்கிறவனுக்கு, நாற்காலியில் எப்படி உட்காருவது என்று.

மாணிக்கம் பெரியப்பா அறைக்குள் வந்தால் அவன் சட்டென்று எழுந்துவிடுகிறான். "அவ்வளவு வேகமா எந்திரிக்காத. 'வாங்க மாமா'ன்னு சொல்லிட்டு மெதுவா எந்திரி" என்றேன். தெருவில் எதிரே யாராவது வந்தால் ஓரமாக ஒதுங்குகிறான். ஒதுங்குவது அவனுக்கே தெரியவில்லை. நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"எங்கப்பா அப்படித்தான் நடப்பாரு" என்றான்.

பேசும்போது வார்த்தையை முழுங்காமல் சொல்ல வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் ஊரோடு நிறுத்தாமல் எந்த வகையறா என்பதையும் சொல்ல வேண்டும். குலதெய்வம் முக்கியம். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி ஆகிவிடும், கல்யாணமே செல்லாது. அதனால் அவனுக்கு என் தாய்மாமன் வீட்டுச் சாமியைக் கொடுத்தேன். எனக்கு எங்கள் சாமியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரை மாற்றிச் சொல்லலாம், பெயரை மாற்றிச் சொல்லலாம். ஆலடி இருளப்பனை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எங்க வீட்டுச் சாமியும் ஆலடி இருளப்பன்தான்" என்றான் கௌதமன்.

எனக்கு அது இன்று வரைக்கும் தெரியாது.

"நாங்க ஆலமரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கும்புடுவோம்."

நவம்பர் 16, ஞாயிறு

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் காலையிலிருந்து நின்றது. சாயங்காலம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்கு விருந்தாளிகளாம்.

நவம்பர் 20, வியாழன்

அண்ணனுக்கு இன்று பிறந்தநாள். ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

இந்த ஊரில் இருக்கிற எங்கள் ஜாதிச் சங்கத்தின் குடும்ப விழா. போகாமல் இருக்க எத்தனையோ காரணம் சொன்னோம். பெரியப்பா கேட்கவில்லை. "இந்த ஊருல நமக்குன்னு யாரு இருக்கா மாப்ள? நம்ம ஆளுக நாலு பேரு ஒண்ணாச் சேந்து சோறு திங்கற நாளு இது ஒண்ணுதான்" என்றார்.

ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நின்று வருகிறவர்களை ஊர் கேட்டு, வகையறா கேட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இங்கேயே பிறந்து, கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுகிற பிள்ளைகளைக்கூட, "இது உனக்கு அத்தை, இது உனக்கு மதனி" என்று ஒவ்வொருவராகக் காட்டினார்கள். ஊரில்கூட நாங்கள் இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை.

கௌதமன் நன்றாக நடித்தான். நடித்தான் என்று எழுதிவிட்டேன், ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படித் தோன்றவில்லை. காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். சாம்பார் கொண்டுவந்த பையனைத் திரும்பிப் பார்க்காமலே விரலைச் சொடுக்கி இலையைக் காட்டினான். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அது அண்ணனுடையது. அண்ணன் அப்படித்தான் செய்வான் என்று எப்போதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன்.

பெரியப்பா அவன் தோளில் கை போட்டு எல்லோருக்கும் காட்டினார். "எங்க மருமகன். கம்பெனில பெரிய வேலை." பந்தியில் தன் பக்கத்து இலையில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து அவன் இலையில் வைத்தார்.

போட்டோ எடுத்தபோது நான் கழிவறையில் இருந்தேன். கௌதமன் ஷூ லேஸைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டானாம்.

டிசம்பர் 4, வியாழன்

சாக்கடை அடைத்துக்கொண்டு பின்பக்கம் முழுக்க நாற்றம். அடைப்பு எடுக்க எல்லப்பா என்று ஒருவர் வந்தார். வயதானவர். நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கௌதமனுக்கு இன்று மத்தியான ஷிப்ட், கீழே பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான்.

வேலை முடித்து எல்லப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"மாப்ள, அவனுக்குத் தண்ணி ஊத்து" என்றார் பெரியப்பா.

கௌதமன் செம்பை எடுத்துக்கொண்டு படியில் ஏறி நின்றான். கீழ்ப்படியிலிருந்தே கொடுத்திருக்கலாம். மேல்படியில் ஏறி நின்றான். "கையப் புடி" என்றான். எல்லப்பா இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைத்துக் குனிந்தார். கௌதமன் உயரத்திலிருந்து ஊற்றினான். செம்பு அவர் மேல் படவில்லை. ஒரு சொட்டு தன் காலில் தெறித்ததும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "தள்ளி நின்னு குடி."

குரல் கேட்டு நான் நிஜமாகவே தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ராஜவேல் வந்துவிட்டானோ என்று.

டிசம்பர் 5, வெள்ளி

நேற்று அவன் ஷிப்டுக்குக் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

காலையில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அது நான் உனக்குச் சொல்லிக் குடுக்கலையே?"

"அத நீ வேற சொல்லிக் குடுக்கணுமா? எங்கப்பா பக்கத்துல நின்னு சின்னதுலேருந்து நானும் கை ஏந்தியிருக்கேன். மேலேருந்து ஊத்துறவன் எப்படி நிப்பான், எப்படிக் கால இழுப்பான்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு சட்டை போட்டுக்கொண்டே சொன்னான், "ஊத்தும்போது ஒண்ணுமே தோணல ஜோதி. அதுதான் பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அவனுக்கு டிபன் கட்டினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

குழம்பில் உப்பு கூடிவிட்டது. கௌதமன் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். எங்கள் வீட்டில் ஆண்கள் சொல்லும் வார்த்தை. அவன் அம்மா அப்பா பேசி அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவன் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனான். "ஏன் அப்படி நிக்கிற? நான் அடிச்சிருவேன்னா?"

இல்லை என்றேன். உடனே தட்டை எடுத்து எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பெரியம்மா கண்டுபிடித்துவிட்டார். கீழே கடுகு தாளித்த வாசத்துக்கு நான் தொட்டிப் பக்கம் ஓடியதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"எத்தனையாவது மாசம்?"

"தெரியல பெரியம்மா."

"தெரியாம என்ன. சொல்லத்தான் மனசு வரல" என்றார். அது உண்மைதான். கௌதமனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது வந்துவிடும் என்று இருந்தது. வந்தால் அதை எந்தப் பெயரில், யாருடைய பிள்ளையாக, எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது?

பெரியம்மா இன்றைக்கெல்லாம் ஒரே பேச்சு. ஏழாம் மாதம் வளைகாப்பு, சீர், எல்லாம் இந்த வீட்டிலேயே செய்வார்களாம். பிறகு திடீரென்று முகம் வாடிவிட்டது. "எல்லாம் செஞ்சுரலாம்த்தா. ஆனா தாய்மாமனுக்கு எங்க போறது? புள்ளைய யாரு மடியில வச்சு மொட்டை எடுப்ப, காது குத்துவ? ஒங்க அண்ணன் வந்துதான ஆகணும். மாமன் மடி இல்லாத புள்ள என்ன புள்ள?"

அண்ணன் மடி எனக்குத் தெரியும். எனக்குக் காது குத்தியபோது மாமா வரத் தாமதம் என்று அவன்தான் என்னைத் தூக்கி வைத்திருந்தானாம், அவனே சின்னப் பையன். அழுகையை நிறுத்த அவன் விரலைக் கடிக்கக் கொடுத்தானாம்.

கௌதமனிடம் சொன்னேன். என் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். "என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டான். பிறகு அவனே, "எந்தப் பேரு வச்சாலும் யாருன்னு கேப்பாங்க" என்றான்.

டிசம்பர் 17, புதன்

பெரியப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். ஏதோ வைத்திருக்கிறார். "பொறுத்திரு ஆத்தா, ஒனக்கு ஒரு நல்ல சேதி வருது" என்றார் இன்று. எனக்கு வியர்த்துவிட்டது, இந்தக் குளிரில்.

டிசம்பர் 20, சனி

எழுத்து கோணலாக வருகிறது. ஆனாலும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

மத்தியானம் பெரியம்மா என்னைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். பின்னிக்கொண்டே சொன்னார். "ஒங்க பெரியப்பா விசாரிக்காத எடமில்ல. ஆலடி இருளப்பன் கும்புடுற வகையறா யாரு யாருன்னு சங்கத்து ஆளுகளப் புடிச்சுக் கேட்டுக் கேட்டு, ஒங்க அண்ணனக் கண்டுபுடிச்சுட்டாக. முந்தாநாள் போன்ல பேசினாக. என்ன தங்கமாப் பேசுறாராம் தெரியுமா? எந் தங்கச்சி மாசமா இருக்காளான்னு கேட்டு அழுதுட்டாராம். நாளைக்கு வாராக, ஒன்னயக் கூட்டிட்டுப் போக."

அண்ணன் அழுதிருப்பான். அதில் பொய் இருக்காது. அதுதான் எனக்குப் பயம்.

தங்கை யாரோடு போனாள் என்பதை அவன் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து இன்னொரு நம்ம ஆளிடம் வராது. அவனும் நிலத்தகராறு என்றே ஒத்துக்கொண்டு பேசியிருக்கிறான்.

"பெரியம்மா, அண்ணன வர வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏத்தா?"

"கொன்னுருவாக."

"அடி கூறுகெட்டவளே. கூடப் பொறந்தவன் கொல்லுவானா, நெலத்துக்காக?"

"நெலம் இல்ல பெரியம்மா."

"பெறகு?"

"எங்க வீட்டுக்காரரு நம்ம ஆளு இல்ல."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. ஆனால் எடுக்கவில்லை. என் தலைமேல் அப்படியே இருந்தது, கனமாக, சூடாக. "எந்த ஆளு?" என்று கேட்டார். சொன்னேன். கௌதமனின் பெயரையும் சொன்னேன். அவன் ஊரில் எந்தப் பக்கம் அவன் வீடு என்பதையும் சொன்னேன்.

கை போய்விட்டது.

எழுந்து உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எண்ணெய்க் கையைக் கழுவுகிறாரா, என்னைத் தொட்ட கையைக் கழுவுகிறாரா என்று தெரியவில்லை. வெகுநேரம் ஓடியது. நான் பாதிப் பின்னலோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு போனில் பேசும் குரல். பெரியப்பா கடையைப் பாதியில் விட்டு வந்தார். அவர்கள் அறைக்குள் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. "சங்கத்துல எல்லாருக்கும் சொன்னேனேடி!"

கௌதமனுக்குப் போன் செய்தேன். காலை ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தான். வராதே என்று சொல்ல நினைத்து, சீக்கிரம் வா என்றேன்.

பெரியப்பா கேட்டுக்கு உள்ளே நின்றார். கௌதமன் வெளியே. முதல் நாள் நின்ற அதே இடம்.

"மாமா, நானே உங்ககிட்ட—"

"யாருக்குடா மாமா?"

தெருவில் போன பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபத்தைவிட அந்தப் பெண் பார்த்ததுதான் அவரை அதிகம் கலக்கியது. "எம் பக்கத்துல உக்காந்து, என் எலையிலேருந்து..." முடிக்க முடியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டார்.

நான் படியில் நின்று கௌதமனையே பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்த நிமிர்வு போய்விட்டது. ஆனால் அவன் ஒதுங்கவும் இல்லை, குனியவும் இல்லை. "சாமான எடுத்துக்கிறோம். கதவத் திறங்க" என்றான். அந்தக் குரல் அண்ணனுடையதும் இல்லை, அவன் அப்பாவுடையதும் இல்லை. கொஞ்சம் உடைந்திருந்தது. காதலித்த நாட்களில் நான் கேட்ட குரல். அதைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

பெரியப்பா கதவைத் திறந்துவிட்டு, தூரமாகப் போய் நின்றுகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார், "இருட்டுறதுக்குள்ள போயிரணும். எந்தப் பக்கம் போறீகன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

பெரியம்மா வெளியே வரவேயில்லை.

மஞ்சுநாத்தின் வண்டிக்காகக் காத்திருக்கிறோம். கௌதமன் துணிகளை மடிக்காமல் திணிக்கிறான். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். முதலில் எல்லை தாண்டுவோம், பிறகு மஞ்சுநாத்துக்குத் தெரிந்த வக்கீலோடு போவோம் என்கிறான். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் இரண்டு பேரும் அசையாமல் நின்றுவிடுகிறோம்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆனேக்கல் பக்கம் ஒரு கிராமம். கர்நாடகா. மஞ்சுநாத்தின் அக்கா ரத்னம்மாவின் வீட்டுப் பின்கட்டு. பக்கத்தில் ரோஜாத் தோட்டம். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். களியும் கீரைக்குழம்பும் கொடுத்தார்.

இன்று முழுக்க நான் எழுந்திருக்கவில்லை. இந்நேரம் அண்ணன் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பான். இந்நேரம் பெரியப்பா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். மஞ்சுநாத்தின் பெயரைச் சொன்னால் போதும், இந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

டிசம்பர் 22, திங்கள்

வரவில்லை.

டிசம்பர் 24, புதன்

ரத்னம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னவென்று புரிந்தது. முகத்தைச் சாய்த்துக் கேட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. கௌதமன் கிணற்றடியில் நின்றான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஆட்களின் பெயரைச் சொன்னேன். தமிழில் உள்ள அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன், அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

வீரமாகச் சொன்னேன் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. மலை உச்சியிலிருந்து கீழே பார்ப்பது போலக் கால் கூசியது.

டிசம்பர் 27, சனி

இன்று மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. கௌதமன் எடுக்காதே என்றான். நான் எடுத்துவிட்டேன்.

"வாந்தி நின்னுருச்சா?"

அழகுமீனாள் பெரியம்மா. பெரியம்மா என்று கூப்பிடலாமா என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

"மஞ்சுநாத்து கடைக்கு வந்தான், அவனக் கெஞ்சி நம்பர வாங்குனேன். ஒங்க பெரியப்பாவுக்குத் தெரியாது. இங்க கேளு. ஒங்க அண்ணன் வந்தாக, கார்ல, நாலு ஆளோட. ஆளுகளப் பாத்ததுமே எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. நீ சொன்னது சரிதான்த்தா."

"பெரியப்பா என்ன சொன்னாக?"

"தப்பா வரச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னாக. எங்க வீட்டுல இருந்தது வேற ஜோதி. அந்தப் பையன் சுத்தமா நம்ம ஆளு, வகையறா, குலதெய்வம் எல்லாம் விசாரிச்சுத்தான் வீடு குடுத்தேன், எம் பக்கத்துல உக்காந்து சாப்புட்ட ஆளு, எனக்குத் தெரியாதா, அவுக பெங்களூருக்கு வேலை மாத்திப் போய்ட்டாகன்னு சொன்னாக. ஒங்க அண்ணன் நம்பல. இருளப்பன் வகையறாவுல வேற எந்த ஜோதின்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. எம் வீட்டுக்குள்ள கண்ட ஆளு நொழஞ்சான்னு சொல்ல வாரியாடான்னு இவுக எந்திரிச்சு நின்னுட்டாக, அடிக்கப் போற மாதிரி. சண்டையாகிப்போச்சு. தெருவே கூடிருச்சு. அப்பறம்தான் போனாக."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஒனக்காகச் சொன்னாகன்னு நெனச்சுக்கிறாத" என்றார். "அவுக மானத்துக்குச் சொன்னாக. நீங்க இருந்த மாடியக் கழுவிவிட்டு, ஐயரக் கூட்டிட்டு வந்து ஹோமம் பண்ணுனாக. நானும்தான் கூட உக்காந்தேன். நான் வேற எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியலத்தா."

"சரி பெரியம்மா." வந்துவிட்டது வாயில்.

"இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாத. நானும் பண்ண மாட்டேன்." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. "பொறந்தா மட்டும் ஒரு மிஸ்டு கால் குடு. பேச வேண்டாம். மணி அடிச்சா நான் தெரிஞ்சுக்கிறேன்."

வைத்துவிட்டார்.

கௌதமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும், போனை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம் என்றான். உடனே சிம்மைக் கழற்றி, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி அடுப்பில் போட்டான். அவன் செய்தது சரி. எனக்கும் அதே பயம்தான். திங்கட்கிழமை வக்கீலோடு போலீஸுக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்கிறோம், எங்கள் நிஜப் பெயர்களில். அதற்கு முன்னால் யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது.

பெரியம்மாவின் நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதை இங்கே எழுதவில்லை.